சலவை வண்டியில் வந்தவள்

தெரசம்மாள் வேலை பார்த்த லினன் ரூம் ஓட்டலின் தரைக்குக் கீழே இருந்தது. மேலே பளிங்குத் தரையில் நடக்கிறவர்களுக்குக் காலடியில் இப்படியொரு ஜன்னலில்லாத நீள அறை இருப்பது தெரியாது. அழுக்கான படுக்கை விரிப்பு, துண்டு, தலையணை உறை எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வந்து விழும். வெளுத்து வந்தவை அங்கிருந்து ஒவ்வொரு மாடிக்கும் ஏறும். வாங்குவதும் அனுப்புவதும் தெரசம்மாள்.

அவள் வடக்கன்குளத்துப் பெண். தனசீலனைக் கட்டிக்கொண்டு தாராவிக்கு வந்தவள், மகன் டென்சில் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் ஓட்டலில் அறை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். முழங்கால் தேய்ந்து மாடி ஏற முடியாமல் போனபோது கீழே லினன் ரூமுக்கு மாற்றினார்கள். தனசீலன் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போவார். டென்சில் கல்யாணமாகி நெருளுக்குக் குடிபோய்விட்டான். பெரிய குறை என்று சொல்ல ஒன்றுமில்லாத வீடு.

முன்பெல்லாம் ஓட்டலுக்குள்ளேயே சலவை நடந்தது. அதை மூடிவிட்டு, செம்பூரில் வாசி நாக்கா பக்கம் ஒரு லாண்ட்ரிக்குக் கான்ட்ராக்ட் கொடுத்தார்கள். தினமும் காலையில் அந்த லாண்ட்ரி வண்டி வரும். ஓட்டுநருடன் ஜெயராம் என்பவன் வருவான். லாண்ட்ரி முதலாளிக்கு அவன் வலது கை. தூத்துக்குடிப் பக்கத்து ஆள். மூட்டைகளை இறக்க, எண்ண, திரும்ப ஏற்ற, பின்னால் ஒரு பெண் உட்கார்ந்து வருவாள். முப்பது வயதிருக்கும். தலை நிமிராமல் வேலை செய்வாள். அவள் ஊமையோ என்றுகூடத் தெரசம்மாள் நினைத்ததுண்டு.

ஒருநாள் வண்டிக் கதவில் விரல் நசுங்கி அவள், “யாத்தே” என்றாள்.

தெரசம்மாளுக்குக் காது குளிர்ந்தது. “ஏட்டி, நீ எந்த ஊரு?” என்று கேட்டாள்.

அந்தப் பெண் பதில் சொல்லுமுன் திரும்பி ஜெயராமைப் பார்த்தாள். அவன் போனில் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகுதான், கயத்தாறு பக்கம் என்று சொன்னாள். பெயர் மாரீஸ்வரி. ஊர் கேட்டால் சொல்வதற்குக்கூட ஒருத்தி எதற்காக இன்னொருவன் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று தெரசம்மாள் அப்போது யோசிக்கவில்லை. பின்னால் பலமுறை யோசித்தாள்.

ஜெயராம் கையெழுத்து வாங்க மேலே ஸ்டோருக்குப் போய்வரும் நேரம்தான் அவர்களுக்குப் பேசக் கிடைத்த நேரம். தெரசம்மாள் வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் மீன் குழம்புச் சோறு கொண்டுவருவாள். மாரீஸ்வரி நின்றபடியே, படியில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று ஒரு காதை அங்கே வைத்துக்கொண்டு, அள்ளி அள்ளிச் சாப்பிடுவாள். இப்படித் துண்டு துண்டாக அவள் கதை வந்தது. புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டான். பூமாரி என்று ஒரு மகள், இப்போதுதான் ஒன்றாம் வகுப்பு. அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். பம்பாயில் பெரிய ஓட்டல் வேலை என்று சொல்லி, கையில் முன்பணமும் கொடுத்து ஜெயராம்தான் அவளையும் அந்தப் பக்கத்துப் பெண்கள் இன்னும் சிலரையும் ரயிலேற்றிக் கூட்டிவந்தான். மெஷின்களுக்கு மேலே தகரத் தளத்தில் படுக்கை. இரவானால் ஷட்டரை இறக்கி வெளியே பூட்டிவிடுவார்கள். ஆதார் அட்டை முதலாளியிடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜெயராமின் போனில், அவன் பக்கத்தில் இருக்க, ஸ்பீக்கரில் போட்டு அம்மாவிடமும் மகளிடமும் பேசலாம்.

மழை பெய்ததையும் பஸ் வராததையும் சொல்வதுபோல் இதையெல்லாம் அவள் சொன்னாள். தெரசம்மாளும் அப்படித்தான் கேட்டுக்கொண்டாள். கெட்ட முதலாளி. பம்பாயில் கெட்ட முதலாளிகளுக்கா பஞ்சம்? முன்பணம் கழிந்ததும் ஊருக்கு ஓடிவிடு என்று புத்தி சொன்னாள்.

ஒருநாள் மாரீஸ்வரியின் முன்கை நீளவாக்கில் வெந்திருந்தது. விரிப்பைத் தேய்க்கும் மெஷினில் பட்டுவிட்டதாம். தெரசம்மாள் ஓட்டலின் முதலுதவிப் பெட்டியிலிருந்து மருந்து தடவித் துணிக்கட்டுப் போட்டு அனுப்பினாள். மறுநாள் வந்தபோது கட்டைக் காணோம். புண் திறந்து கிடந்தது. யார் கட்டிவிட்டது என்று கேட்டு ஜெயராமே அவிழ்த்து எறிந்துவிட்டானாம். 

அந்தச் சமயத்தில்தான் ஓட்டல் வேறு கம்பெனியின் கைக்கு மாறியது. வெளிநாட்டுக் கம்பெனி. புது விதிகள் நிறைய வந்தன. அதில் ஒன்றாக, வேலைக்காரர்கள் எல்லாரையும் மேலே விருந்து நடக்கும் ஹாலில் உட்காரவைத்து ஒரு பயிற்சி நடந்தது. நடத்தியவன் நகுல் என்ற இளைஞன். தலைமை அலுவலகத்து ஆள். திரையில் படம் காட்டி இந்தியில் விளக்கினான். சங்கிலி போட்டால்தான் அடிமை என்றில்லை. ஒருவருடைய அட்டையைப் பிடுங்கி வைத்திருந்தால், போக நினைத்தால் போகமுடியாமல் பூட்டி வைத்திருந்தால், வீட்டாரோடு தனியாகப் பேசவிடாவிட்டால், கடனைக் காட்டி மிரட்டினால், அது அடிமைத்தனம். நம் ஓட்டலுக்குள் மட்டுமல்ல, நமக்குப் பொருள் தருகிறவன், துணி வெளுக்கிறவன், காய்கறி கொண்டுவருகிறவன் யாரிடத்திலும் அது இருக்கக்கூடாது. கண்ணில் பட்டால் எங்களிடம் சொல்லுங்கள், உங்கள் பெயர் வெளியே வராது என்றான்.

பக்கத்தில் இருந்தவர்கள் சமோசா எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரசம்மாள் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் சொன்ன ஒவ்வொன்றும் மாரீஸ்வரி வாயால் அவள் கேட்டது.

வீட்டில் தனசீலனிடம் சொன்னாள்.  அவர், “இங்க பாரு தெரசா, நீ சொன்னா கம்பெனி தன்னத்தான் காப்பாத்திக்கிடும். அடி விழப்போறது அந்தப் பிள்ளைக்கு” என்றார். சொல்லாமல் இருந்தால் அடி விழாதா என்று தெரசம்மாள் கேட்டாள்.  கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: அந்தப் பெண்ணிடமே கேட்டுவிடுவது.

மறுநாள் கேட்டாள். ஓட்டலில் இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது, சொல்லட்டுமா, வேண்டாமா, நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படி என்றாள். மாரீஸ்வரி கையிலிருந்த விரிப்பை மடித்து முடித்தாள். அடுத்ததை எடுத்து அதையும் மடித்தாள்.

“சொல்லுங்கக்கா. ஆனா முதல்ல எங்களை வெளிய எடுத்துரச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி அவன்ட்ட ஒரு வார்த்த பேசிரக் கூடாது. பேசினா அவன் எங்களை எங்கயாவது கொண்டுபோயிருவான்.”

தெரசம்மாள் சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டாள்.

தெரசம்மாள் போன் போட்டவுடன் நகுல் தானே வந்தான். லினன் ரூமில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து முழுவதும் கேட்டான். அவன் பம்பாயிலேயே பிறந்து வளர்ந்த மாட்டுங்கா தமிழன் என்பது அப்போதுதான் தெரிந்தது. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும், பேச நன்றாக வரும். மாரீஸ்வரி சொன்னதை அப்படியே, ஒரு சொல் மாறாமல், தெரசம்மாள் இரண்டு தடவை சொன்னாள். “கவலைப்படாதீங்கோ ஆன்ட்டி. முதல்ல அவா பத்திரமா வெளில வருவா. மத்ததெல்லாம் அதுக்கப்பறம்தான்” என்றான். அவன் கண்ணில் பொய் இல்லை. இன்றுவரை தெரசம்மாள் அப்படித்தான் சொல்கிறாள்.

அந்த வாரம் வண்டி வழக்கம்போல வந்தது. மாரீஸ்வரி ஒவ்வொரு நாளும் வந்தவுடன் தெரசம்மாள் முகத்தைப் பார்ப்பாள். பொறு என்று இவள் கண்ணைக் காட்டுவாள். ஒருநாள் மாரீஸ்வரி லேசாகச் சிரித்தாள். மேல்வரிசையில் ஒரு பல் கோணலாக இருப்பது அன்றுதான் தெரிந்தது. பூமாரிக்கு அதே இடத்தில்தான் பல் விழுந்திருக்கிறதாம், அம்மா போனில் சொன்னாளாம்.

அடுத்த திங்கட்கிழமை வேறு வண்டி வந்தது. வேறு நிறம், வேறு ஆட்கள். லாண்ட்ரி மாறிவிட்டது என்றார்கள். தெரசம்மாள் முழங்கால் வலியைப் பார்க்காமல் மேலே ஸ்டோருக்கு ஏறினாள். ஸ்டோர்க்காரருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: விதியை மீறிய கான்ட்ராக்டர் என்று கண்டுபிடித்து, தலைமை அலுவலகம் சனிக்கிழமையே பழைய லாண்ட்ரிக்கு மெயில் அனுப்பிக் கணக்கை முடித்துவிட்டது. புதுக் கம்பெனி இதிலெல்லாம் ரொம்பக் கறாராம். அவர் அதைப் பெருமையாகவே சொன்னார்.

வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவள் ஆட்டோ பிடித்து வாசி நாக்காவுக்குப் போனாள். லாண்ட்ரி ஷட்டர் தூக்கிக் கிடந்தது. மெஷின்கள் இருந்த இடத்தில் குழாய்கள் வெட்டிய நிலையில் நீட்டிக்கொண்டிருந்தன. ப்ளீச்சிங் நெடி மட்டும் கண்ணை எரித்தது. இரும்புப் படியேறி மேலே பார்த்தாள். கொடிக்கயிறு, ஒரு உடைந்த சீப்பு, சுருட்டாத இரண்டு பாய். எதிரே டீக்கடைக்காரன், ஞாயிறு சாயங்காலம் இரண்டு டெம்போவில் சாமான்களை ஏற்றினார்கள், கடைசியாகப் பெண்களையும் ஏற்றினார்கள், கல்யாண் பக்கம் என்று பேசிக்கொண்டார்கள் என்றான். ஒரு பெண் ஏறமாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். கையில் ஒரு பெரிய தழும்பு இருந்ததாம்.

தெரசம்மாள் அங்கேயே, சாக்கடைத் திட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

செய்தி கேட்டு நகுல் லினன் ரூமுக்கு ஓடிவந்தான். “நான் எழுதினேன் ஆன்ட்டி. முதல் வரியிலயே எழுதினேன், அவாளை வெளில எடுக்கற வரைக்கும் கான்ட்ராக்டைத் தொடாதீங்கோன்னு” என்றான். கொள்முதல் பிரிவும் வக்கீலும் அதை ஏற்கவில்லை. இப்படிப்பட்ட ஆளோடு கம்பெனி பெயர் இன்னும் ஒருநாள்கூடச் சேர்ந்திருக்கக்கூடாது என்று தீர்மானித்துவிட்டார்கள்.

“உங்க கம்பெனி கை சுத்தமாயிட்டு தம்பி. அந்தப் பிள்ள எங்க?” என்று தெரசம்மாள் கேட்டாள்.



போலீசில், காணாமல் போனவர் வயது வந்த பெண், நீ யார், சொந்தமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். மாரீஸ்வரியின் ஊர் கயத்தாறு பக்கம் என்பதற்குமேல் தெரசம்மாளுக்குத் தெரியாது. வடக்கன்குளத்துப் பங்குச் சாமியாருக்குப் போன் போட்டாள். அவர் கயத்தாறு சாமியாரிடம் சொல்ல, அவர் ஊர் ஊராக விசாரித்து அந்த அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டார். மகளிடமிருந்து ஞாயிற்றுக்கிழமைப் போன் நின்றுபோனதை எண்ணி அவள் அழுதுகொண்டிருந்தாள். அவளைக் கொண்டு அங்கே ஒரு புகாரும், நகுலைக் கொண்டு இங்கே ஒரு புகாரும் கொடுத்தார்கள். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து தெரசம்மாள் கோயிலை விட்டு வெளியே வரும்போது அந்த அம்மா கூப்பிடுவாள். “கெடச்சாளா தாயி?” என்பாள். பின்னாலிருந்து பூமாரி, எங்கம்மாவா, எங்கம்மாவா என்று கேட்கும் சத்தம் வரும்.

தனசீலன், நான் அப்போதே சொன்னேனே என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் கருவிப் பையை எடுத்துக்கொண்டு அவளோடு கல்யாணுக்கு ரயிலேறினார். ஊருக்கு வெளியே இருக்கும் கொட்டகைகளில், ரிப்பேருக்கு மெஷின் இருக்கிறதா என்று கேட்டபடி நுழைவார். ரிப்பேர்க்காரனை யாரும் சந்தேகப்படுவதில்லை. அவள் ரோட்டோரம் குடைபிடித்து நிற்பாள். மழைக்காலம் முழுக்க இப்படிப் போனது. ஒவ்வொரு கொட்டகையிலிருந்தும் அவர் இல்லை என்று தலையாட்டிக்கொண்டே வெளியே வருவார்.

அந்த மழைக்காலத்தில்தான் ஊரில் மாரீஸ்வரியின் அம்மா இறந்துபோனாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கயத்தாறு சாமியார் போனில் சொன்னார். பூமாரியை அப்பன்வழி அத்தை வந்து கூட்டிப்போய்விட்டாளாம். அடுத்த ஞாயிறு கோயிலை விட்டு வெளியே வந்தபோது போன் ஒலிக்கவில்லை. தெரசம்மாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டம் கலையும்வரை நின்றாள்.

மழை ஓய்ந்து தீபாவளி நெருங்கும்போது தனசீலன் ஒரு கொட்டகையிலிருந்து வேகமாக வெளியே வந்தார். மேலே தகரத் தளத்தில் பெண்கள் பேசுவது கேட்டது, தமிழ்தான், ஷட்டருக்குப் பக்கத்தில் நிற்கிறவனை ஜெயராம் என்று கூப்பிடுகிறார்கள் என்றார்.  இந்தமுறை நகுல் கம்பெனியில் யாருக்கும் சொல்லவில்லை. கொத்தடிமைகளை மீட்கும் ஓர் அமைப்பைக் கூட்டிக்கொண்டு தாசில்தார் அலுவலகத்துக்கே போனான். இரண்டு நாளில் அதிகாரிகளும் போலீசும் போய் ஷட்டரைத் திறந்தார்கள். ஜெயராமையும் முதலாளியையும் பிடித்தார்கள். கொஞ்ச நாளில் ஜாமீனில் வந்துவிட்டார்கள், வழக்கு இன்னும் நடக்கிறது.

பெண்களை அரசு விடுதியில் தங்கவைத்திருந்தார்கள். தெரசம்மாள் போய்ப் பார்த்தபோது மாரீஸ்வரி ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டி, ஆளே பாதியாகியிருந்தாள். தெரசம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். கை பிடிகொடுக்காமல் கிடந்தது.

“நான் சொன்னத அவங்ககிட்ட சொன்னீங்களாக்கா?”

“சொன்னேன்ட்டி. ரெண்டு தடவ சொன்னேன்.”

மாரீஸ்வரி தலையாட்டினாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. பிறகு, “அம்மாட்ட பேசணும். போன் குடுங்கக்கா” என்றாள்.

தெரசம்மாள் வரும் வழியெல்லாம் இதற்காகத்தான் வார்த்தை தேடிக்கொண்டு வந்தாள். எதுவும் வாயில் நிற்கவில்லை. அம்மா இல்லை, ஆவணி மாதமே போய்விட்டாள் என்று நேராகச் சொல்லிவிட்டாள். பூமாரி அத்தை வீட்டில் நன்றாக இருக்கிறாள் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

மாரீஸ்வரி அழவில்லை. ஜெயராமுக்கு இது தெரியுமா என்று கேட்டாள். கயத்தாறு சாமியார் விசாரித்து அறிந்ததைத் தெரசம்மாள் சொன்னாள். தெரியும். வாய் திறக்கக்கூடாது என்று மிரட்ட அவ்வப்போது அவன் ஏதாவதொரு நம்பரிலிருந்து ஊருக்குக் கூப்பிடுவானாம்; அம்மா பயந்து அதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் மட்டும் சொல்லியிருந்தாளாம். அப்படிக் கூப்பிட்டபோது அவள்தான் எடுத்துச் சாவைச் சொல்லியிருக்கிறாள். அதன்பின் அவன் கூப்பிடவேயில்லை.

பிறகு மாரீஸ்வரி சொன்னாள்: “ஆவணில ஒருநாள் எங்களுக்கெல்லாம் கறிச்சோறு வாங்கிப்போட்டான்க்கா. என்ன விசேஷம்னு கேட்டேன். சும்மா தின்னுன்னான். நான் ரெண்டாம் தடவையும் வாங்கித் தின்னேன்.”

அதைச் சொன்ன பிறகுதான் அவள் உடம்பு குலுங்கத் தொடங்கியது. தெரசம்மாள் அணைத்துக்கொள்ளப் போனாள். அவள் விலகிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

கொத்தடிமை விடுதலைச் சான்றிதழ், விசாரணை எல்லாம் முடிந்து பெண்களை நாகர்கோவில் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். தெரசம்மாள் கல்யாண் ஸ்டேஷனுக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போனாள். மாரீஸ்வரி தனசீலனைக் கும்பிட்டாள். தெரசம்மாளிடம் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, வாரேன்க்கா என்றாள். வண்டி நகரும்போது அவள் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நகுல் ஓட்டல் கம்பெனியில் விடாமல் சண்டை போட்டான். ஒரு வருஷம் கழித்து விதி மாறியது. இனி இப்படி ஒன்று தெரியவந்தால், அடைபட்டிருக்கிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதுதான் முதலில். அவர்கள் பத்திரமாக வெளியே வரும்வரை கான்ட்ராக்டில் யாரும் கைவைக்கக்கூடாது. அதைத் தமிழில் சொல்லித் தெரசம்மாளுக்கு விளக்கினான். நல்லாருக்கு தம்பி என்றாள். அடுத்த பயிற்சியில் மேடையேறி நடந்ததைச் சொல்லமுடியுமா என்று கேட்டான். அதற்கு மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். மேடையில் நின்றால் எல்லாரும் கைதட்டுவார்கள், அதைத் தன்னால் தாங்கமுடியாது என்று தனசீலனிடம் சொன்னாள்.

பூமாரியை அத்தை லேசில் விடவில்லை. சாமியார் பேசிப்பேசித்தான் பிள்ளை தாயிடம் வந்தது. வந்த புதிதில் மாரீஸ்வரியைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளுமாம். இப்போது பரவாயில்லை, ராத்திரி அம்மா பக்கத்தில்தான் படுக்கிறது என்று சாமியார் சொன்னார்.

தெரசம்மாள் மாதம் ஒருமுறை போன் போடுகிறாள். எடுப்பது பூமாரிதான். அம்மா எங்கே என்றால், வேலைக்குப் போயிருக்காங்க என்று சொல்லும். அந்தப் பக்கம் மாரீஸ்வரி மெதுவாக ஏதோ சொல்லிக்கொடுப்பது இங்கே நன்றாகக் கேட்கும். தெரசம்மாள் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்வதில்லை. என்ன சாப்பிட்டாய், பள்ளிக்கூடத்தில் என்ன படிக்கிறாய் என்று பிள்ளையிடம் கேட்டுக்கொண்டே, பேச்சை முடிந்தமட்டும் நீட்டுகிறாள்.